சதுர அடியும் அஞ்சடியும்

(கோலா கங்சாரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நெரிசல் மிகுந்த நகரத்தில் வீட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி அழகுபடுத்துவது என்று பேசும்படி என்னை அழைத்திருக்கிறீர்கள். கோலா கங்சார் நெரிசலான ஊர் இல்லை. மாலையில் பேராக் ஆற்றங்கரைக்குப் போனால் காற்று இன்னும் இலவசமாகத்தான் கிடைக்கிறது. ஆனாலும் இந்தத் தலைப்பை இந்த ஊரில் பேசத்தான் வேண்டும். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பேராக் மாநிலத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 119 பேர்; கோலாலம்பூரில் 8,157 பேர். படிப்பு முடிந்து இங்கிருந்து பெட்டி கட்டிக்கொண்டு ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் நம் பிள்ளைகள். வாடகை அறையில் தொடங்கி, ஒருநாள் "அம்மா, ஒரு அடுக்குமாடி வீடு பார்த்திருக்கிறேன், வந்து பாருங்கள்" என்று தொலைபேசியில் சொல்லப்போகிறவர்களும் அவர்கள்தான். அந்த நாளில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை இன்றே பேசிவிடுவோம்.

நான் சொல்ல வந்தது இதுதான். வீடு தேடும்போது எல்லாரும் சதுர அடியை அளக்கிறோம், அஞ்சடியை அளப்பதில்லை. வீட்டுக்கும் வெளிக்கும் நடுவில் காற்று வந்துபோகிற, அண்டை வீட்டார் வந்து உட்காருகிற அஞ்சடி என்ற அந்த வாசல் பகுதி இல்லாவிட்டால் எத்தனை சதுர அடி இருந்தாலும் அது நெரிசல்தான். வாசல் இருந்தால் சின்ன வீடும் தாங்கும். வீட்டுத் தேர்வு, அலங்காரம் இரண்டையும் இந்த ஒரு அளவுகோலை வைத்தே பார்க்கலாம் என்பது என் எண்ணம். வீட்டு வரைபடம் வரைவதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

நாம் தேர்ந்தெடுக்காத வீடுகள்

முதலில் கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர் கன்றுகளில் சில இந்த ஊருக்குக் கொண்டுவரப்பட்டன. அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அவற்றைத் தம் வளாகத்தில் நட்டார். அந்தத் தலைமுறை மரம் ஒன்று மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்றும் நிற்கிறது. அதன் வழிவந்த தோட்டங்கள்தான் நம் முன்னோரைக் கடல் கடந்து கூட்டி வந்தன. சுங்கை சிப்புட், சாலாக், பாடாங் ரெங்காஸ், மானோங் என்று நம்மைச் சுற்றியுள்ள பெயர்களைக் கேட்டாலே ஏதோ ஒரு தோட்டமும் அதில் தொழிலாளர் குடியிருந்த ஒரு லயமும் உங்களில் பலருக்கு நினைவுக்கு வரும்.

லயத்து வீட்டை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. தோட்டக் கம்பெனி கட்டியது, அலுவலகக் கிராணி பெயர் எழுதினார், குடும்பம் உள்ளே போனது. நீளமான ஒரே கூரை. அதன் கீழ் வரிசையாக அறைகள், பத்தடிக்குப் பத்து பன்னிரண்டு அடி. முன்னால் அஞ்சடி, பின்னால் அடுப்படி. தலைக்கு மேல் தகரம். பலகைத் தடுப்பு கூரை வரை எட்டாததால் பக்கத்து வீட்டில் குழந்தை இருமினால் நம் வீட்டில் விளக்கு எரியும். பைப்படியும் கழிப்பறையும் எல்லாருக்கும் பொது. வேலை போனால் வீடும் போகும். முப்பது ஆண்டு ரப்பர் பால் வெட்டிய மனிதர் ஓய்வுபெற்ற மறுமாதம் பாயைச் சுருட்ட வேண்டியிருந்தது. அந்த வாழ்க்கையைப் பொற்காலம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் அதே லயத்தை மாலை ஐந்து மணிக்குப் பாருங்கள். அறைக்குள் ஒருவரும் இல்லை. பாட்டி அஞ்சடியில் கால் நீட்டி முருங்கைக்கீரை உருவுகிறார். அடுத்த வீட்டு அக்காள் தன் வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்து இன்னொரு கொத்தை எடுத்துக்கொள்கிறார். பிள்ளைகள் திடலில். ஆண்கள் கோயில் பக்கம், அல்லது கடைப் பக்கம். கொல்லையில் வாழை, கறிவேப்பிலை, கோழிக்கூண்டு. சமைக்கவும் தூங்கவும் மட்டுமே அந்தப் பத்தடி அறை. மீதி வாழ்க்கை முழுவதும் வாசலுக்கு வெளியே, யாரிடமும் வாடகை கேட்காத திறந்தவெளியில் நடந்தது. எட்டுப் பேர் ஒரே அறையில் எப்படி வாழ்ந்தார்கள் என்று இன்றைய பிள்ளைகள் வியக்கிறார்கள். அவர்கள் அறையில் வாழவில்லை, தோட்டத்தில் வாழ்ந்தார்கள். அதுதான் பதில்.

அடுத்த இடமாற்றத்தையும் நாம் தேர்ந்தெடுக்கவில்லை. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் பகுதியில் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்தது. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியாளர்களிடமிருந்து மக்களைப் பிரித்துவைக்க 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தில் புதுக்கிராமங்கள் எழுந்தன. தோட்டத்து லயங்களும் முள்வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன. பிறகு தோட்டத் துண்டாடல். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் பெரிய தோட்டங்கள் கூறு போட்டு விற்கப்பட்டபோது வேலையும் கூரையும் ஒன்றாகப் பறிபோயின. இந்த வட்டாரத்தின் மைந்தர், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதற்கான விடையாகத்தான். மாதம் பத்து வெள்ளி கட்டி, தாங்கள் வேலை செய்யும் நிலத்துக்குத் தாங்களே உரிமையாளர் ஆகலாம் என்று பாட்டாளியிடம் அவர் சொன்னார். கூரைக்கும் சம்பளத்துக்கும் இருந்த முடிச்சை அவிழ்க்க நம் சமூகம் எடுத்த பெருமுயற்சி அது.

மூன்றாவது, நகரம் வந்து தோட்டத்தை விழுங்கியது. புத்ராஜெயா எழுந்த நிலத்தில் பிராங் பெசார், மேடிங்லி, கேலவே, செட்ஜ்லி என்று நான்கு தோட்டங்கள் இருந்தன. அங்கிருந்த குடும்பங்கள் 1990-களின் இறுதியில் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டன. சுவரில் விரிசல் விழுந்தது. தரை வீடு வேண்டும் என்று அவர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பாதுகாப்பான சுவர் வேண்டும் என்பது அந்தக் கோரிக்கையில் பாதி. மண்ணில் கால் வைக்கிற வாசல் வேண்டும் என்பது மீதிப் பாதி என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

லயம், வேலி, அடுக்குமாடி. மூன்றையும் நமக்காக வேறு யாரோ தேர்ந்தெடுத்தார்கள். இப்போது இந்த அவையில் இருக்கும் இளைஞர்கள்தான், பல குடும்பங்களில், தாங்களே பார்த்து, தாங்களே கையெழுத்துப் போட்டு வீடு வாங்கப்போகும் முதல் தலைமுறை. அதனால்தான் இந்தத் தேர்வை அலட்சியமாக விட்டுவிடக் கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எதை அளப்பது

மலிவு விலை வீட்டிலிருந்து தொடங்குவோம். அரசாங்கத்தின் மக்கள் வீடமைப்புத் திட்டத்தில் கட்டிய ஒரு வீடு ஏறக்குறைய 700 சதுர அடி, மூன்று அறை. நீண்ட காலமாக மாத வாடகை 124 வெள்ளியாக இருந்துவந்தது. தீபகற்பத்தில் விற்பனை விலை 35,000 வெள்ளியாக இருந்தது. தனியார் மலிவு விலை வீடுகளுக்கு முன்பு 25,000 வெள்ளி உச்சவரம்பாக இருந்தது. 1998-இல் இடத்தைப் பொறுத்து அது 42,000 வரை உயர்த்தப்பட்டது. இதைவிட வசதி உள்ளவர்கள் தனியார் அடுக்குமாடிக்குப் போகிறார்கள். விலை ஏறுகிறது. நீச்சல் குளம் வருகிறது. அறை பெரிதாகிறதா என்றால், எப்போதும் இல்லை.

1984-ஆம் ஆண்டின் ஒருசீர் கட்டடத் துணைவிதிகள் என்று ஒன்று இருக்கிறது. குடியிருப்பின் முதல் அறை 11 சதுர மீட்டருக்கும், இரண்டாவது அறை 9.3 சதுர மீட்டருக்கும், மற்ற அறைகள் 6.5 சதுர மீட்டருக்கும் குறையக் கூடாது என்கிறது அந்த விதி. 6.5 சதுர மீட்டர் என்றால் எழுபது சதுர அடி. நம் தாத்தா குடியிருந்த லயத்து அறையைவிடச் சிறியது! லயத்துக்கு அஞ்சடி இருந்தது, திடல் இருந்தது. மாடியில் இருக்கும் எழுபது சதுர அடி அறைக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதை நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

அதே விதிகள் சன்னலுக்கும் கணக்குச் சொல்கின்றன. தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு வெளிச்சம் வரும் சன்னல் வேண்டும். இருபதில் ஒரு பங்கு காற்றுக்காகத் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நூறு சதுர அடி அறை என்றால் பத்துச் சதுர அடி சன்னல், அதில் ஐந்து திறக்க வேண்டும். இது குறைந்த அளவு. போதுமான அளவு என்று நினைத்துவிடாதீர்கள். அதோடு, ஒரு பக்கம் மட்டும் சன்னல் இருந்தால் காற்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். நுழைய ஒரு வழியும் வெளியேற ஒரு வழியும் இருந்தால்தான் அது ஓடும். விற்பனையாளர் ஹாலின் அழகைக் காட்டிக்கொண்டிருக்கும்போது நீங்கள் முன்கதவையும் சமையலறைச் சன்னலையும் திறந்துவையுங்கள். ஹாலின் நடுவில் நின்று ஒரு துண்டுத் தாளைத் தூக்கிப் பிடியுங்கள். தாள் ஆடினால் பேச்சைத் தொடரலாம்.

திசையையும் பாருங்கள். வாஸ்துவை நம்புகிறவர்கள் அதைப் பார்த்துக்கொள்ளட்டும். நான் வெயிலைச் சொல்கிறேன். நாம் பூமத்திய ரேகையிலிருந்து ஏறக்குறைய ஐந்து பாகை வடக்கே இருக்கிறோம். ஆண்டு முழுவதும் சூரியன் தலைக்கு மேலேயே கிழக்கிலிருந்து மேற்கே போகிறது. வடக்கு, தெற்குச் சுவர்களுக்குப் பெரிய தொல்லை இல்லை. மேற்குச் சுவர் பிற்பகல் முழுவதும் சூட்டைக் குடித்துவைத்துக்கொண்டு, இரவில் நீங்கள் படுத்த பிறகு அதை வெளியே விடும். அந்தப் பக்கம் படுக்கையறை இருந்தால் குளிரூட்டியின் மின்கட்டணம் வீட்டுத் தவணையோடு சேர்ந்தே வரும். அதனால் வீட்டைக் காலையில் போய்ப் பார்க்காதீர்கள். பிற்பகல் நான்கு மணிக்குப் போய் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள். இன்னொரு நாள் இரவு எட்டு மணிக்குப் போங்கள். வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா, மின்தூக்கிக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், நடைவழியில் விளக்கு எரிகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பழைய கட்டடமாக இருந்தால் பெருமழை பெய்த மறுநாளும் ஒருமுறை போங்கள். மேல்வீட்டுக் குளியலறைக்குக் கீழே உள்ள கூரையை அண்ணாந்து பாருங்கள்.

பெற்றோரை நினைத்துக்கொள்ளுங்கள். மின்தூக்கி இல்லாத ஐந்து மாடிக் கட்டடங்கள் நம் நாட்டில் ஏராளம். நான்காம் மாடி விலை குறைவு என்று வாங்குகிறோம். முழங்கால் வலிக்கிற அம்மா ஊரிலிருந்து வந்தால் அந்தப் படிக்கட்டு அவரைச் சிறை வைத்துவிடும். வருவதற்கே யோசிப்பார்.

இன்னொரு கேள்வியைக் கேட்கத் தயங்குகிறோம். நல்ல காரியமும் கெட்ட காரியமும் நடத்த அந்தக் கட்டடத்தில் இடம் இருக்கிறதா? தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் வாசலில் பந்தல் எழும்பும், லயமே கூடி நிற்கும். அடுக்குமாடியில் ஒன்பதாம் மாடிக்கு எப்படிக் கொண்டுவந்து, எங்கே கிடத்தி, வந்தவர்களை எங்கே உட்கார வைப்பது என்று துக்கத்தின் நடுவில் தடுமாறிய குடும்பங்களை நான் அறிவேன். சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-இல் தொடங்கப்பட்டது. இன்று அந்த நாட்டில் ஐந்தில் ஏறக்குறைய நான்கு பேர் அது கட்டிய வீடுகளில் இருக்கிறார்கள். 1970-களிலிருந்து அந்தக் கட்டடங்களின் தரைத்தளத்தைச் சுவரில்லாமல் திறந்தே விடும் வழக்கம் வந்தது. மலாய்க்காரர் திருமணமும் சீனர் இறுதிச் சடங்கும் நம்மவர் விசேஷங்களும் அங்கே நடக்கின்றன. முதியவர்கள் சதுரங்கம் ஆடுகிறார்கள். ஒரு கட்டடத்துக்கே அஞ்சடி போட்டுக்கொடுத்தது போல அது. உங்கள் கட்டடத்தில் அப்படி ஒரு மண்டபமாவது, திறந்த கூடமாவது இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

ஆவணங்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேம்பாட்டாளரிடம் புது வீடு வாங்கினால், சட்டப்படியான விற்பனை ஒப்பந்தத்தில் சாவி கிடைத்த நாளிலிருந்து 24 மாதம் பழுதுக்கான பொறுப்பு அவருடையது. எழுத்தில் அறிவித்தால் 30 நாளில் சரிசெய்ய வேண்டும். ஆகவே சாவி வாங்கியவுடன் தச்சரை அழைத்துச் சுவர் முழுக்க அலமாரி அடிக்காதீர்கள். முதலில் ஒரு மழைக்காலம் போகட்டும். கசிவும் விரிசலும் தெரிந்து, சரிசெய்யப்பட்ட பிறகு அலங்காரம் தொடங்கட்டும். பராமரிப்புக் கட்டணத்தையும், அதில் பத்து விழுக்காடு அளவுக்குத் தனியாகக் கட்ட வேண்டிய சேமிப்பு நிதியையும் மாதத் தவணையோடு கூட்டிப் பாருங்கள். ஊழியர் சேமநிதியிலிருந்து வீட்டுக்காகப் பணம் எடுக்க 2024 மே மாதம் முதல் செஜாத்திரா கணக்கு இருக்கிறது. அந்தப் பணம் கூரைக்காகச் சேர்த்தது; சோபாவுக்குப் போய்விடக் கூடாது.

எதை அலங்கரிப்பது

இனி அலங்காரம். இந்த ஊரைவிட நல்ல ஆசிரியர் இதற்குக் கிடையாது.

இங்கே புக்கிட் சண்டானில் இஸ்தானா கெனாங்கான் இருக்கிறது. 1926-இல் கட்டிய மர அரண்மனை. இஸ்தானா இஸ்கண்டாரியா 1933-இல் கட்டி முடியும்வரை பேராக் சுல்தான் இஸ்கண்டார் தங்கியிருந்த இடம். வரைபடம் இல்லாமல், ஆணி இல்லாமல் கட்டியது என்பது அதன் புகழ். அதைவிட அதன் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மூங்கிலைப் பிளந்து பாயைப் போலப் பின்னியிருக்கிறார்கள். மஞ்சள், கறுப்பு, வெள்ளை என்று சாய்சதுர வடிவங்கள். அந்தச் சுவரின் மேல் யாரும் அலங்காரம் ஒட்டவில்லை. சுவரைப் பின்னிய விதமே அலங்காரம் ஆகிவிட்டது. வெயிலைத் தடுப்பதும் கண்ணுக்கு அழகாக நிற்பதும் அங்கே ஒரே வேலை.

ஆற்றைக் கடந்து சாயோங்குக்குப் போனால் லாபு சாயோங் செய்கிறார்கள். சுரைக்காய் வடிவத்தில் கறுப்பு மண்கூஜா. சூளையிலிருந்து சுடச்சுட எடுத்து நெல் உமியில் புதைக்கும்போது புகை படிந்து அந்தக் கறுப்பு ஏறுகிறது. மண்ணின் நுண்துளை வழியே நீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஆவியாவதால் உள்ளே உள்ள தண்ணீர் குளிர்ந்திருக்கிறது. நம்மில் பலர் இதை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்திருக்கிறோம். எடுத்து நன்றாகக் கழுவித் தண்ணீர் ஊற்றி வையுங்கள். வேலை செய்கிற பொருளுக்கு வருகிற அழகு, பூட்டிவைத்த பொருளுக்கு வராது.

சின்ன வீட்டுக்கு இந்த இரண்டிலிருந்தும் நான் எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்றே: இடத்தை அடைத்துக்கொள்ளும் ஒவ்வொரு பொருளும் ஒரு வேலையாவது செய்ய வேண்டும்.

நம் வீடுகளில் ஏன் சாமான்கள் குவிகின்றன என்பது எனக்குப் புரிகிறது. கம்பெனிச் சுவரில் ஆணி அடிக்கவும் தோட்டத் துரையின் அனுமதி தேவைப்பட்ட காலத்திலிருந்து வந்தவர்கள் நாம். சொந்தச் சுவர் கிடைத்ததும் அதை நிரப்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. யாரும் அதைக் கேலி செய்யக் கூடாது. ஆனால் 700 சதுர அடியில் ஏழு பேர் உட்காரும் சோபா, சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி, எட்டு நாற்காலிச் சாப்பாட்டு மேசை என்று வாங்கிப் போட்டால், பிள்ளை பாடம் படிக்கக் கட்டிலில் குப்புறப் படுக்க வேண்டியிருக்கிறது. இந்தச் சாமான்களுக்கு மூன்றாண்டுத் தவணை வேறு.

ஒவ்வொரு இடமாகப் பார்ப்போம். ஹாலின் நடுவை வெறுமையாக விடுங்கள். பாய் விரித்தால் நான்கு பேர் தூங்கலாம், இலை போட்டால் எட்டுப் பேர் சாப்பிடலாம், குழந்தை தவழலாம். நம் பாட்டிமார் பாயை வைத்துக்கொண்டே ஓர் அறையை மூன்று அறையாக ஆக்கினார்கள். நாற்காலிகள் சுவரோரம் இருக்கட்டும், தேவைப்படும்போது நடுவுக்கு வரட்டும்.

கூரை. விதிப்படி குறைந்தது 2.5 மீட்டர், அதாவது எட்டடிக்குச் சற்று மேல். அதில் அலங்காரச் சுண்ணப்பூச்சுக் கூரை இறக்கினால் அரையடி போகும். அதற்குக் கீழே மின்விசிறி தொங்கினால் உயரமான தம்பி கை தூக்கிச் சட்டை போட முடியாது. சூடும் தலைக்கு அருகில் வந்து நிற்கும். கூரையை வெள்ளையாக விட்டுவிடுங்கள். சுவருக்கு வெளிர் நிறம் கொடுங்கள். ஆசைப்பட்ட அடர்த்தியான நிறத்தை, மேற்கு வெயில் படாத ஒரே ஒரு சுவருக்குக் கொடுங்கள்.

சாமி மேடை. நம் வீட்டின் நடுநாயகம் அது. அதைச் சுருக்கச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் விளக்கு எரியும் இடத்துக்கு மேலும் பக்கத்திலும் திரைச்சீலையோ மரப்பலகையோ நெருங்கி இருக்கக் கூடாது. சாம்பிராணிப் புகை வெளியேற அருகில் ஒரு சன்னல் இருந்தால் நல்லது. மேடைக்குக் கீழே இழுப்பறை வைத்தால் எண்ணெய், திரி, கற்பூரம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

சன்னல் கம்பி. திருட்டுப் பயத்தில் எல்லாச் சன்னலுக்கும் அசையாத கம்பியைப் பற்றவைத்துவிடுகிறோம். தீப்பிடித்தால் வெளியேறும் வழியையும் சேர்த்து மூடிவிட்டோம் என்பதை மறந்துவிடுகிறோம். ஒவ்வொரு வீட்டிலும் உள்ளிருந்து திறக்கக்கூடிய கம்பி ஒன்றாவது வேண்டும். அதன் சாவி சன்னல் அருகிலேயே, வீட்டில் உள்ள குழந்தைக்கும் தெரிந்த இடத்தில் தொங்க வேண்டும். இதை இன்றிரவே செய்யலாம்.

பிள்ளைக்குப் படிக்க ஒரு மூலை. அதற்குத் தனி அறை தேவையில்லை. சுவரில் மடக்கி வைக்கும் பலகை ஒன்று, இடது பக்கத்திலிருந்து வெளிச்சம், மேலே இரண்டு தட்டுப் புத்தகம். தொலைக்காட்சிக்கு ஒதுக்கிய சுவரில் பாதியை எடுத்தால் போதும்.

வாசலைத் திரும்பப் பெறுவது

கடைசியாக, கதவுக்கு வெளியே. நடைவழிதான் அடுக்குமாடியில் நமக்கு மிஞ்சியிருக்கும் அஞ்சடி. அதில் சப்பாத்து அடுக்கு, மிதிவண்டி, பழைய மெத்தை, காய்ந்த பூந்தொட்டி என்று நாமே அடைத்துவைக்கிறோம். அது நெருப்பு நேரத்தில் எல்லாரும் ஓட வேண்டிய வழி. அதைக் காலியாக வையுங்கள். சுவரில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டியைத் தொங்கவிடுங்கள். கதவுக்கு முன்னால் ஓர் அடிக்கு ஒரு கோலம் போடுங்கள். மாலையில் அரை மணி நேரம் கதவைத் திறந்துவைத்து அங்கே நில்லுங்கள். எதிர்வீட்டு மலாய்க்கார மக்சிக் ஒருநாள் நின்று பேசுவார், பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒருநாள் நிற்பார். தீபாவளித் திறந்த இல்ல விருந்துக்கு அழைப்பிதழ் தேவைப்படாத அண்டை வீட்டார் அப்படித்தான் கிடைப்பார்கள்.

கதவுக்கு வெளியே அழகுபடுத்தினால் மட்டும் போதுமா? சென்னையில் கண்ணகி நகர் என்று ஒரு பெரிய மறுகுடியேற்றப் பகுதி இருக்கிறது. நகரின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட எளிய குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய அடுக்குமாடிகள். 2020-இல் ஓவியர்கள் வந்து அந்தக் கட்டடங்களின் புறச்சுவர்களில் மாபெரும் ஓவியங்களைத் தீட்டினார்கள். ஊர் பெயரைச் சொல்லவே கூசிய பிள்ளைகளுக்கு அது கொஞ்சம் பெருமை கொடுத்திருக்கும். ஆனால் ஒரு சுவருக்குச் சாயம் பூசுவதோடு வேலை முடிவதில்லை. குடிநீர், மின்தூக்கி, பள்ளிக்கூடம், பேருந்து எல்லாம் அந்தச் சுவருக்குப் பின்னால் இருப்பவர்களின் உரிமை.

இலங்கை மலையகத்தில் நம் உறவுகளும் வாசலுக்கான இதே போராட்டத்தில் இருக்கிறார்கள். அங்கேயும் லயம்தான். இந்திய அரசின் உதவியோடு கட்டப்படும் தனி வீடுகளுக்குக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் (அங்குள்ள நில அளவை) நிலமும் சேர்த்துக் கேட்டுப் பெற்றார்கள். அந்த ஏழு பேர்ச்சஸில் வீடு போக மிஞ்சுவது கொஞ்ச நிலம்தான். ஆனால் அதுதான் வாசல், அதுதான் கொல்லை. சுவருக்காக மட்டும் அவர்கள் வாதாடவில்லை.

நமக்கான வாசலைக் கேட்டுப் பெற நம்மிடம் ஒரு கருவி இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் 2015 முதல் நடைமுறையில் உள்ளது. பொது இடங்களை எப்படி நடத்துவது, பராமரிப்புப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதை வீட்டு உரிமையாளர்களின் ஆண்டுக் கூட்டம் முடிவு செய்கிறது. நிர்வாகக் குழுவையும் அந்தக் கூட்டமே தேர்ந்தெடுக்கிறது. கட்டணப் பாக்கி வைத்தவருக்கு அதில் வாக்கு இல்லை. நம்மவர்கள் பலர் அந்தக் கூட்டத்துக்குப் போவதில்லை. கோயில் கூட்டத்துக்குப் போகிறோம், சங்கக் கூட்டத்துக்குப் போகிறோம். குடியிருக்கும் கூரையைப் பற்றிய கூட்டத்துக்கு மட்டும் நேரமில்லை என்கிறோம். போங்கள். கட்டணத்தைக் கட்டிவிட்டுத் தலை நிமிர்ந்து போங்கள். தரைத்தளத்தில் ஒரு கூடம் வேண்டும், அதில் நான்கு பெஞ்சு வேண்டும், நடைவழி விளக்கு எரிய வேண்டும், பிள்ளைகள் ஓட ஒரு மூலை வேண்டும் என்று கேளுங்கள். வீட்டுக்குள் ஐயாயிரம் வெள்ளிக்குத் திரைச்சீலை மாட்டுவதைவிட, அந்தக் கூட்டத்தில் நீங்கள் கையுயர்த்திப் பெறும் ஒரு பெஞ்சு உங்கள் வீட்டைப் பெரிதாக்கும்.

தோட்டத்தில் நம் முன்னோருக்கு வீட்டின் மேல் உரிமை இல்லை, ஆனால் வாசல் இருந்தது. நகரத்தில் நமக்கு வீட்டுக்கு உரிமைப் பத்திரம் இருக்கிறது. வாசலை நாம்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பெறுகிற முதல் தலைமுறை நீங்களாக இருக்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வீடு பார்க்க அழைத்தால் நீங்களும் கூடப் போங்கள். ஹால் எவ்வளவு பெரிது என்று கேட்பதற்கு முன்னால், "சாயங்காலம் நான் எங்கேயப்பா உட்காருவது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கிற வீட்டுக்கு முன்பணம் கட்டச் சொல்லுங்கள்.